நிறுவனப் பதிவு ஆவணங்களை வெளிநாட்டில் பயன்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையிலோ திருப்பூரிலோ சென்னையிலோ பதிவான ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம் துபாயில் கிளை தொடங்கவோ, சிங்கப்பூரில் துணை நிறுவனம் பதியவோ, ஐரோப்பிய வங்கி ஒன்றில் கணக்குத் திறக்கவோ முற்படும்போது, முதலில் கேட்கப்படுபவை அதன் பதிவு ஆவணங்கள்தாம். அவற்றை எங்கிருந்து பெறுவது, யாரிடம் சான்றொப்பம் வாங்குவது, எந்த வரிசையில் செல்வது என்பவற்றில் எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வரும் இந்திய நிறுவனங்களை மனத்தில் வைத்தே பெரும்பாலான விடைகள் எழுதப்பட்டுள்ளன.

வெளிநாட்டில் பொதுவாக எந்த ஆவணங்களைக் கேட்பார்கள்?

நிறுவனப் பதிவுச் சான்றிதழ், எம்.ஓ.ஏ. (நிறுவனத்தின் நோக்கங்களைச் சொல்லும் அமைப்பு ஆவணம்), ஏ.ஓ.ஏ. (அதன் உள் நிர்வாக விதிகள்), இப்போதைய இயக்குநர்களின் பட்டியல், பங்குதாரர் விவரம், அந்தக் காரியத்துக்கென நிறைவேற்றப்பட்ட போர்டு தீர்மானம், அங்கே கையொப்பமிடப் போகிறவருக்கான பவர் பத்திரம் ஆகியவை ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் கேட்கப்படுகின்றன. ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழையும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டையும் சில வங்கிகள் சேர்த்துக் கேட்பதுண்டு. அவை வணிகத்துக்கான ஆதாரங்களே. நிறுவனம் என்ற சட்ட நபர் இருப்பதை நிறுவுவது பதிவுச் சான்றிதழ்.

எதையும் தொடங்குமுன், ஆவணத்தைப் பெறப்போகும் அலுவலகத்திடம் மின்னஞ்சலில் சில விவரங்களை எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள். அரசின் நிறுவனப் பதிவாளர் சான்றொப்பமிட்ட நகல் வேண்டுமா, நிறுவனச் செயலர் ஒப்பமிட்ட நகல் போதுமா. அப்போஸ்டில் (தூதரகச் சான்றுக்குப் பதிலாக ஒட்டப்படும் ஒற்றைச் சான்று) வேண்டுமா, தூதரகச் சான்று வேண்டுமா. எத்தனை மாதங்களுக்கு உட்பட்ட தேதி இருக்க வேண்டும். எந்த மொழியில் இருக்க வேண்டும். தவறான வகை நகலை வைத்துக்கொண்டு, அலுவலகம் அலுவலகமாகச் சான்று வாங்கும் முழுச் சுற்றும் முடித்துவிட்டால், அதை இடையில் திருத்த வழியில்லை. முதல் படியிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும்.

பதிவுச் சான்றிதழ் பி.டி.எஃப். கோப்பாக எங்களிடமே இருக்கிறது. அதை அச்சிட்டு அனுப்பினால் போதாதா?

சாதாரண விசாரணைக்குப் போதும். அதிகாரபூர்வப் பயன்பாட்டுக்குப் போதாது. இப்போது பதிவுச் சான்றிதழ்கள் மின்கையொப்பம் இடப்பட்ட கோப்புகளாகவே வழங்கப்படுகின்றன. அந்தக் கையொப்பம் கோப்புக்குள் இருக்கிறது, அச்சிட்ட தாளில் இல்லை. கோப்பாகவே அனுப்பினாலும், இந்தியச் சான்றளிப்பு அமைப்பின் மூலச் சான்றிதழை நம்பும்படி அமைக்கப்படாத கணினியில் திறந்தால், கையொப்பத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறி ஒன்று தோன்றும். 'சரிபார்க்கப்படவில்லை' என்ற வரியும் வரும். கையொப்பத்தில் குறையில்லை என்றாலும், அதைப் பார்க்கும் வெளிநாட்டு வங்கி அலுவலர் தயங்குவது இயல்பே. ஆகவே அச்சிட்ட தாளில் இந்தியாவிலேயே ஒருவர் மையொப்பமிட்டு, அந்த ஒப்பத்தை அடுத்தடுத்த அலுவலகங்கள் உறுதிசெய்யும் முறை இன்னமும் தேவைப்படுகிறது.

பதிவாளரிடமிருந்து சான்றொப்பமிட்ட நகலைப் பெறுவது எப்படி? கட்டணம் எவ்வளவு?

நிறுவனங்கள் சட்டத்தின் 399-ஆம் பிரிவு, பதிவாளரிடம் உள்ள ஆவணங்களைப் பார்வையிடவும் சான்றொப்பமிட்ட நகல் பெறவும் எவருக்கும் உரிமை தருகிறது. அந்த நிறுவனத்தின் இயக்குநராகவோ பங்குதாரராகவோ இருக்க வேண்டியதில்லை. பதிவாளர் சான்றொப்பமிட்ட நகல் நீதிமன்ற நடவடிக்கைகளில் மூல ஆவணத்துக்குச் சமமான சான்றாக ஏற்கப்படும் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. வெளிநாட்டு வழக்கறிஞர் யாரேனும் 'ஒரிஜினல்' வேண்டும் என்று வற்புறுத்தினால், இந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டலாம்.

விண்ணப்பம் நிறுவன விவகாரங்கள் அமைச்சகத்தின் எம்.சி.ஏ. இணையதளத்தில் செய்யப்படுகிறது. கணக்குத் தொடங்கி உள்நுழைந்து, ஆவணச் சேவைகளில் சான்றொப்ப நகலுக்கான பகுதியைத் திறந்து, நிறுவனத்தின் பெயரையோ 21 எழுத்தெண்கள் கொண்ட சி.ஐ.என். எனப்படும் நிறுவன அடையாள எண்ணையோ கொடுத்தால், பதிவில் உள்ள ஆவணங்கள் ஆண்டுவாரியாக வரும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்தியதும் எஸ்.ஆர்.என். எனப்படும் சேவைக் கோரிக்கை எண் கிடைக்கும். பிறகு எந்த விசாரணைக்கும் அந்த எண்ணே ஆதாரம். பதிவுச் சான்றிதழின் நகலுக்கு 100 ரூபாயும், மற்ற ஆவணங்களுக்குப் பக்கத்துக்கு 25 ரூபாயும் கட்டணமாக விதிகளில் குறிக்கப்பட்டுள்ளன. மாநில முத்திரைத் தீர்வை தனி. எம்.ஓ.ஏ.யும் ஏ.ஓ.ஏ.யும் சேர்ந்து 30 பக்கங்கள் என்றால், தீர்வை நீங்கலாக 750 ரூபாய்.

விண்ணப்பிக்குமுன் 100 ரூபாய் செலுத்தி ஆவணங்களைத் திரையில் பார்வையிடுவது நல்லது. திருத்தப்படாத பழைய ஏ.ஓ.ஏ.க்கு நகல் வாங்கிவிடும் சங்கடம் அதனால் தவிரும்.

எங்கள் நிறுவனம் மிகப் பழையது. இடையில் பெயரும் மாறியிருக்கிறது. என்ன செய்வது?

எம்.சி.ஏ. மின்பதிவு முறை 2006-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆவணங்கள் காகிதத்தில் தாக்கலானவை; அவற்றில் சில இணையதளத்தில் தெளிவின்றி இருக்கலாம், சில இல்லாமலே போகலாம். அத்தகைய நிலையில் உங்கள் நிறுவனம் எந்தப் பதிவாளரின் கீழ் வருகிறதோ அந்த அலுவலகத்துக்கே எழுத வேண்டும். தமிழ்நாட்டில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பதிவாளர் அலுவலகங்கள் உண்டு. சி.ஐ.என். எண்ணில் மாநிலத்தைக் குறிக்கும் ஈரெழுத்து 'டி.என்.' என்றிருந்தால் சென்னை, 'டி.இசட்.' என்றிருந்தால் கோவை.

பெயர் மாறியிருந்தால் இப்போதைய சான்றிதழ் மட்டும் போதாது. முதல் சான்றிதழ், ஒவ்வொரு பெயர் மாற்றத்துக்கும் வழங்கப்பட்ட புதிய சான்றிதழ், பிரைவேட்டிலிருந்து பப்ளிக்காக மாறியிருந்தால் அதற்கான சான்றிதழ் என அனைத்தையும் வரிசையாகச் சேர்த்துக் கொடுங்கள். பழைய சான்றிதழில் வெறும் பதிவு எண் மட்டுமே இருக்கும், 21 எழுத்தெண்கள் இருக்காது. தொழில் வகையோ மாநிலமோ பங்குச் சந்தைப் பட்டியல் நிலையோ மாறினாலும் சி.ஐ.என். மாறும். இவை எல்லாம் ஒரே நிறுவனம்தான் என்பதை நிறுவனச் செயலர் ஒரு பக்கக் குறிப்பாக எழுதிக் கையொப்பமிட்டுத் தருவது, வெளிநாட்டில் படிப்பவருக்குப் பெரிய உதவி.

அப்போஸ்டில் என்பது என்ன? அது எதை உறுதிசெய்கிறது?

1961 அக்டோபர் 5-ஆம் தேதிய ஹேக் உடன்படிக்கையின்படி, ஒரு நாட்டின் பொது ஆவணத்தை மற்றொரு நாடு தூதரகச் சான்று கேட்காமல் ஏற்பதற்காக ஒட்டப்படும் ஒற்றைச் சான்று அது. இந்தியாவைப் பொறுத்தவரை இந்த உடன்படிக்கை 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் உள்ளது. சான்றில் பத்து இனங்கள் எண்ணிடப்பட்டிருக்கும்: நாடு, ஒப்பமிட்டவர், அவருடைய பதவி, முத்திரை, இடம், தேதி, வழங்கிய அதிகாரி, வரிசை எண், வழங்கியவரின் முத்திரை, அவருடைய கையொப்பம்.

இந்தப் பத்தில் ஒன்றுகூட ஆவணத்தின் உள்ளடக்கத்தைப் பற்றியது அல்ல என்பதைக் கவனியுங்கள். ஒப்பமும் பதவியும் முத்திரையும் உண்மை என்பதே அதன் பொருள். எம்.ஓ.ஏ.வில் உள்ளது சரியா, நிறுவனம் இன்றும் இயங்குகிறதா என்பவற்றுக்கு அப்போஸ்டில் பொறுப்பேற்பதில்லை. சுற்றின் ஒவ்வொரு படியிலும் இதே விதிதான். ஒவ்வோர் அலுவலகமும் தனக்கு முந்தைய ஒப்பத்தை மட்டுமே பார்க்கிறது. ஆகவே முதல் ஒப்பம் யாருடையது என்பதே முழுக் காரியத்தின் தரத்தையும் தீர்மானிக்கிறது. பதிவாளரின் ஒப்பத்தில் தொடங்கிய நகலுக்கும், யாரோ ஒரு நோட்டரி மூலத்தைப் பாராமல் 'உண்மை நகல்' என்று முத்திரையிட்ட தாளுக்கும் கடைசியில் ஒரே ஸ்டிக்கர்தான் ஒட்டப்படும். அனுபவமுள்ள வெளிநாட்டு வழக்கறிஞர் ஸ்டிக்கரைத் தாண்டி அந்த முதல் ஒப்பத்தைத் தேடிப் பார்ப்பார்.

எந்த நாட்டுக்கு அப்போஸ்டில் போதும்? எதற்குத் தூதரகச் சான்று வேண்டும்?

உடன்படிக்கையில் 120-க்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளன. அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, பிரான்ஸ், ஜப்பான் முதலியவற்றுக்கு அப்போஸ்டில் போதும். சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 16 முதலும், சவூதி அரேபியாவில் 2022 டிசம்பர் 7 முதலும், கனடாவில் 2024 ஜனவரி 11 முதலும் இது நடைமுறைக்கு வந்துள்ளது. சவூதிக்கும் கனடாவுக்கும் தூதரகம் செல்ல வேண்டும் என்று சொல்லும் பழைய வழிகாட்டிகள் இன்னும் புழக்கத்தில் இருப்பதால், எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று பார்த்தே அவற்றை நம்ப வேண்டும். வளைகுடாவில் ஓமனும் பஹ்ரைனும் உடன்படிக்கையில் உள்ளன. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகியவற்றுக்குத் தூதரகச் சான்று முறையே பொருந்துகிறது.

இதில் பலரும் கவனிக்கத் தவறுவது, இரு நாடுகளும் உறுப்பினராக இருந்தாலும் அவற்றுக்கிடையே உடன்படிக்கை செல்லாமல் இருக்கலாம் என்பது. புதிதாகச் சேரும் நாட்டுக்கு எதிராக ஏற்கெனவே உள்ள உறுப்பு நாடு மறுப்புத் தெரிவித்தால், அவ்விரு நாடுகளுக்கு மட்டும் அது பொருந்தாது. இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி மறுப்புத் தெரிவித்தது. எனவே ஜெர்மனியில் இந்திய அப்போஸ்டில் தன்னளவில் போதுமானதாகக் கருதப்படுவதில்லை. இந்தியாவிலுள்ள ஜெர்மன் தூதரகங்களும் இந்திய ஆவணங்களுக்கு வழக்கமான சான்றளிப்பை நிறுத்தி வைத்துள்ளதால், அங்குள்ள நோட்டரியோ பதிவு நீதிமன்றமோ எதை ஏற்கும் என்பதை அவர்களிடமே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். சீனாவில் உடன்படிக்கை 2023 நவம்பர் 7 முதல் நடைமுறைக்கு வந்தபோது இந்தியா மறுப்புத் தெரிவித்தது. ஆகவே சீனாவுக்கான இந்திய ஆவணங்கள் தூதரக வழியில்தான் செல்ல வேண்டும். இயந்திரம் வாங்கச் சீனாவுக்கும், கண்காட்சிக்கும் கிளைக்கும் ஜெர்மனிக்கும் செல்லும் கொங்கு வட்டார நிறுவனங்கள் இவ்விரண்டையும் குறித்து வைத்துக்கொள்வது அவசியம்.

ஹேக் மாநாட்டின் இணையதளத்தில் உள்ள உறுப்பு நாடுகளின் நிலைப் பட்டியலை, ஆவணம் அனுப்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மறுப்புகளும் அதில் குறிக்கப்பட்டிருக்கும்.

சேம்பர் (வர்த்தக சபை) சான்று எதற்கு? நோட்டரி ஒப்பம் இருந்தால் நேரே வெளியுறவு அமைச்சகத்துக்குப் போக முடியாதா?

முடியாது. கல்விச் சான்றிதழ்களுக்கும் பிறப்புச் சான்றிதழ்களுக்கும் மாநில அரசின் அங்கீகாரம் முன்படியாக இருப்பதைப் போல, வணிக ஆவணங்களுக்கு வர்த்தக சபையின் அங்கீகாரத்தை வெளியுறவு அமைச்சகம் முன்படியாக வைத்திருக்கிறது. 1836-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் சேம்பர், 1909-இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய வர்த்தக சபை ஆகியவை சென்னையில் உள்ளன; கோவையிலும் மதுரையிலும் பழைய சபைகள் உண்டு. எந்தச் சபையின் மாதிரிக் கையொப்பம் அமைச்சகத்தின் கோப்பில் இருக்கிறது என்பதே இங்கே முக்கியம். பணம் கட்டுமுன் அதைச் சபையிடமே கேளுங்கள். உறுப்பினருக்கும் உறுப்பினர் அல்லாதவருக்கும் கட்டணம் வேறுபடும்.

ஒரு சிறு எச்சரிக்கை. வணிகம் அல்லது சுங்க நடவடிக்கைகளை நேரடியாகச் சார்ந்த நிர்வாக ஆவணங்கள் ஹேக் உடன்படிக்கையின் முதல் பிரிவிலேயே விலக்கப்பட்டுள்ளன. ஆதலால் சரக்கு உற்பத்தி நாட்டுச் சான்றிதழையும் இன்வாய்ஸையும் பதிவுச் சான்றிதழோடு ஒரே கட்டாகக் கட்டி அப்போஸ்டிலுக்கு அனுப்பாதீர்கள். அவற்றுக்கான வழி தனி.

வெளியுறவு அமைச்சகத்தில் எப்படி ஒப்படைப்பது? தில்லிக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். 2012 முதல் அமைச்சகம் விண்ணப்பதாரரிடம் நேரடியாக ஆவணம் வாங்குவதில்லை. அது நியமித்த சேவை நிறுவனங்கள் வாயிலாகவே ஒப்படைக்க வேண்டும். 2019 முதல் இந்தப் பணி பரவலாக்கப்பட்டுச் சென்னை உள்ளிட்ட நகரங்களிலும் நடைபெறுகிறது. அப்போஸ்டிலுக்கான அரசுக் கட்டணம் ஆவணத்துக்கு 50 ரூபாய்; சேவை நிறுவனத்தின் கட்டணமும் ஸ்கேன் கட்டணமும் கூடுதல். ஆயிரக்கணக்கில் கேட்கப்படுகிறது என்றால், அதில் பெரும்பகுதி இடைத்தரகரின் கூலி என்று புரிந்துகொள்ளலாம். கூலி வாங்குவது தவறல்ல, ஆனால் எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

துபாய்க்கு எந்த வரிசை?

நோட்டரி, சேம்பர், வெளியுறவு அமைச்சகம், இந்தியாவிலுள்ள அமீரகத் தூதரகம் அல்லது துணைத் தூதரகம், பிறகு அமீரகத்தில் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம். அதன் பின் அரபு மொழிபெயர்ப்பு, அந்நாட்டு நீதித் துறையின் உரிமம் பெற்றவரால் செய்யப்பட வேண்டும். வணிக ஆவணங்களுக்கான தூதரகக் கட்டணம் தனிநபர் ஆவணங்களுக்கானதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், எத்தனை ஆவணங்கள் தேவை என்பதை முன்பே குறைத்துத் திட்டமிடுவது லாபம். சில ஃப்ரீ சோன்கள் (தனி விதிகள் கொண்ட வணிக மண்டலங்கள்) பதிவுச் சான்றிதழ், எம்.ஓ.ஏ., தீர்மானம் ஆகியவற்றை ஒரே தொகுப்பாகத் தைத்து, ஒரே சான்று பெற்றுத் தந்தாலும் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. அவர்களிடம் கேளாமல் தொகுப்பாகத் தைக்க வேண்டாம்.

இயக்குநரின் பெயர் ஓர் ஆவணத்தில் இனிஷியலோடும் பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் இருக்கிறது. இதனால் சிக்கல் வருமா?

வரும். தமிழ்நாட்டு நிறுவனங்களின் ஆவணங்கள் வெளிநாட்டில் தடைபடுவதற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று. கே. செந்தில்குமார் என்று ஏ.ஓ.ஏ.வின் கடைசிப் பக்கத்தில் கையொப்பமிட்டவர், பான் அட்டையில் தந்தை பெயரை விரித்து கிருஷ்ணசாமி செந்தில்குமார் என்றிருப்பார். பாஸ்போர்ட்டில் செந்தில்குமார் முதற்பெயராகவும் கிருஷ்ணசாமி குடும்பப் பெயராகவும் அச்சாகியிருக்கும். நமக்கு மூன்றும் ஒருவரே. லண்டனிலோ தோஹாவிலோ உள்ள வங்கி அலுவலருக்கு மூன்று பேர். தந்தை பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, இயக்குநர்களான அண்ணன் தம்பி இருவரின் கோப்புகளையும் குழப்பிக்கொள்வதும் நடக்கக்கூடியதே.

இதற்கு இரண்டு படிகள் உண்டு. முதலாவது, எம்.சி.ஏ. பதிவில் உள்ள பெயரை இயன்றவரை பாஸ்போர்ட்டோடு பொருத்துவது, டி.ஐ.என். எனப்படும் இயக்குநர் அடையாள எண்ணின் விவரங்களை மாற்றுவதற்கு அங்கே தனிப் படிவம் உண்டு. இதற்கு நேரம் பிடிக்கும் என்பதால், வெளிநாட்டுத் திட்டம் பேச்சளவில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். இரண்டாவது, எல்லா வடிவங்களையும் வரிசையாக எழுதி, இவை அனைத்தும் என்னையே குறிக்கும் என்று முத்திரைத் தாளில் உறுதிமொழிப் பத்திரம் செய்து நோட்டரியிடம் ஒப்பம் பெறுவது. அதில் பாஸ்போர்ட் எண்ணும் டி.ஐ.என். எண்ணும் இருக்கட்டும். அந்தப் பத்திரத்துக்கும் மற்ற ஆவணங்களுக்கான அதே சான்று தேவைப்படும் என்பதை மறந்து, அதைச் சாதாரணத் தாளாக இணைத்து அனுப்பினால் பயனில்லை.

முகவரியிலும் இதே தொல்லை உண்டு. ஆங்கிலத்தில் ஒரு 'பி' போட்ட திருப்பூரும் இரண்டு 'பி' போட்ட திருப்பூரும் ஒரே கோப்பில் இருந்தால், எம்.சி.ஏ. பதிவில் உள்ளதையே எல்லாத் தாள்களிலும் பின்பற்றுங்கள். நிறுவனப் பெயரில் பிரைவேட் லிமிடெட் என்று முழுமையாக உள்ளதைச் சுருக்கி எழுதவும் வேண்டாம்.

'குட் ஸ்டாண்டிங்' சான்றிதழ் கேட்கிறார்கள். அது எங்கே கிடைக்கும்?

அமெரிக்க மாநிலங்களிலும் இங்கிலாந்திலும் பதிவாளரே தரும் சான்று அது. இந்திய நிறுவனங்கள் சட்டத்தில் அந்தப் பெயரில் ஒரு சான்றிதழ் கிடையாது. எம்.சி.ஏ. தளத்தில் நிறுவனம் 'ஆக்டிவ்' நிலையில் இருப்பதைக் காட்டும் முதன்மைத் தரவின் அச்சையும், ஆண்டறிக்கைகள் தாக்கலாகியுள்ளன என்று தனியாகத் தொழில் நடத்தும் நிறுவனச் செயலர் தரும் சான்றையும் சேர்த்துக் கொடுப்பதே இங்குள்ள வழக்கம். இந்த நிலைமையை விளக்கி ஒரு கடிதம் இணைத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். இயக்குநர் பட்டியலைச் சான்றளிக்கும் 'இன்கம்பென்ஸி' சான்றுக்கும் இதே வழிதான்.

போர்டு தீர்மானமும் பவர் பத்திரமும் எப்படி இருக்க வேண்டும்? கம்பெனி சீல் கட்டாயமா?

தீர்மானத்தின் நகலில் இயக்குநரோ நிறுவனச் செயலரோ 'உண்மை நகல்' என்று ஒப்பமிட்டு, பெயர், பதவி, டி.ஐ.என். அல்லது உறுப்பினர் எண் குறிக்க வேண்டும். தீர்மானத்தில் நாடு, காரியம், அதிகாரம் பெறுபவர், அவருடைய பாஸ்போர்ட் எண் ஆகியவை தெளிவாக இருக்கட்டும். 'தேவையான அனைத்தையும் செய்ய' என்ற பொதுவான வாக்கியம் பல நாடுகளில் போதாது. வங்கிக் கணக்குத் திறப்பது, குத்தகை ஒப்பந்தம் செய்வது, உரிமம் பெறுவது என்று தனித்தனியாக எழுதுவதே பாதுகாப்பு.

2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பொது முத்திரை கட்டாயமில்லை. முத்திரை இல்லாத நிறுவனத்தில் இரு இயக்குநர்களோ, நிறுவனச் செயலர் இருந்தால் ஓர் இயக்குநரும் அவரும் சேர்ந்தோ பவர் பத்திரத்துக்கு அதிகாரம் தரலாம். இருந்தும் வெளிநாட்டு அலுவலகங்கள் வட்டமான ஒரு முத்திரையை எதிர்பார்க்கின்றன. செலவு மிகக் குறைவு என்பதால் ஒன்று செய்து வைத்துக்கொள்வது வீண் வாதத்தைத் தவிர்க்கும்.

எங்களுடையது பார்ட்னர்ஷிப் நிறுவனம். அதற்கும், எல்.எல்.பி. எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைக்கும் இதே முறையா?

எல்.எல்.பி.யின் ஆவணங்களும் எம்.சி.ஏ. தளத்திலேயே உள்ளன, முறை ஏறக்குறைய ஒன்றே. 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவான பார்ட்னர்ஷிப் நிறுவனங்களின் பதிவேடு மாநிலப் பதிவுத் துறையிடம் இருப்பதால், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சான்றொப்ப நகல் பெற வேண்டும். பதிவு செய்யாத பார்ட்னர்ஷிப்புக்கு அரசு தரக்கூடிய ஆவணம் எதுவுமில்லை. வெளிநாட்டுத் திட்டம் இருந்தால் முதலில் பதிவு செய்யுங்கள்.

சான்று பெற்ற ஆவணம் எவ்வளவு காலம் செல்லும்?

அப்போஸ்டிலுக்குக் காலாவதி கிடையாது. ஆனால் பெறும் அலுவலகம் மூன்று அல்லது ஆறு மாதங்களுக்கு உட்பட்ட நகல் வேண்டும் என்று கேட்கலாம். அந்தக் கணக்கு நகலின் தேதியிலிருந்தா, அப்போஸ்டில் தேதியிலிருந்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இயக்குநர் மாற்றம் நடக்கவிருந்தால், அது பதிவேறிய பிறகே சுற்றைத் தொடங்குங்கள்.

இந்த ஆவணங்கள் தயாரானால் வெளிநாட்டுத் துணை நிறுவனத்துக்குப் பணம் அனுப்பலாமா?

கூடாது. ஆவணச் சான்றும் அந்நியச் செலாவணி விதிகளும் வெவ்வேறு. 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, உங்கள் வங்கி வழியாகப் படிவம் தாக்கல் செய்து தனி அடையாள எண் பெற்ற பிறகே முதலீட்டுத் தொகை செல்ல வேண்டும். ஆடிட்டரிடம் இதைத் தனியாகப் பேசுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் சென்னையில் நிறுவனம் தொடங்கினால் அவருடைய ஆவணங்களுக்கு என்ன விதி?

நிறுவனப் பதிவு விதிகளின் 13-ஆம் விதி இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. காமன்வெல்த் நாட்டில் கையொப்பமிட்டால் அந்நாட்டு நோட்டரி ஒப்பம் போதும். ஹேக் உடன்படிக்கை நாட்டில் என்றால் நோட்டரி ஒப்பத்துடன் அப்போஸ்டில். இரண்டிலும் இல்லாத நாட்டில் என்றால் நோட்டரி ஒப்பத்துடன் இந்தியத் தூதரகச் சான்று. கோலாலம்பூரிலோ லண்டனிலோ இருக்கும் தமிழர் இதனால் முதல் வகையில் வருகிறார். துபாயில் கையொப்பமிடுபவர் மூன்றாம் வகை.

கையில் வந்த அப்போஸ்டில் உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது?

ஸ்டிக்கரில் உள்ள எண்ணையும் தேதியையும் வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் கொடுத்தால் பதிவு விவரம் தெரியும். தரகரிடமிருந்து ஆவணம் கைக்கு வந்த அன்றே, பாக்கித் தொகையைக் கொடுக்குமுன், இதைச் செய்யுங்கள். ஆவணத்தைத் திருப்பிப் பின்பக்கத்திலும் பாருங்கள்: நோட்டரியின் பதிவு எண்ணும் தேதியும், சேம்பரின் முத்திரையும் ஒப்பமும், அமைச்சகத்தின் ஸ்டிக்கரும் இருக்க வேண்டும், தேதிகள் அந்த வரிசையிலேயே முன்னேற வேண்டும். பக்கங்களை ஸ்கேன் செய்வதற்காகத் தையலையோ பின்னையோ கழற்றாதீர்கள். லேமினேட் செய்யவும் வேண்டாம். பிரித்துத் தைத்த தடம் தெரியும் ஆவணத்தை மறுத்துத் திருப்பி அனுப்பப் பெறும் அலுவலகத்துக்கு உரிமை உண்டு. தட்டையாக வைத்து மேலிருந்து படமெடுத்து ஒரு நகலைக் கோப்பில் வைத்த பிறகே கூரியரில் அனுப்புங்கள்.